உம்மாவின் பெயரில் ஒரு தண்ணீர்க் குழாய்



 



இன்று உங்களுடன் ஒரு தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். தலைப்பு சிறியதாகத் தோன்றலாம். ஆனால், அக்குழாயின் முன்னால் நான் வெட்கித் தலைகுனிந்து நின்ற ஒரு பகற்பொழுதை மறைக்காமல் சொன்னால்தான் இவ்வுரையைத் தொடங்க முடியும்.

எங்கள் வீடு களுபோவிலையில், வைத்தியசாலைக்குச் செல்லும் ஓர் ஒழுங்கையில் இருக்கின்றது. கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை என்று பலகையில் எழுதியிருந்தாலும், ஊரார் எல்லோருக்கும் அது களுபோவில ஆஸ்பத்திரிதான். நோயாளியைப் பார்க்க வருவோர் பார்வை நேரம் வரும்வரை வெயிலில் காத்து நிற்பர். கையில் சாப்பாட்டுப் பார்சலும் சுடுநீர்ப் போத்தலும் இருக்கும். தமக்கென்று குடிக்க ஒரு மிடறு தண்ணீர் இராது. எங்கள் உம்மா உயிரோடிருந்த காலத்தில் வாசற்படியில் ஒரு வாளியும் குவளையும் வைத்திருப்பார்கள். யார் எவர் என்று கேட்பதில்லை. 2011ஆம் ஆண்டு உம்மா வபாத்தானார்கள். அடுத்த ஆண்டு, மூத்த நாநாவும் தாத்தாவும் நானும் கூடிப் பேசி, மதிற்சுவரின் வெளிப்பக்கத்தில் ஒரு பித்தளைக் குழாயைப் பொருத்தினோம். அதன் மேலே கருங்கல்லில் ஒரு சிறு பலகை. உம்மாவின் பெயரும் ஆண்டும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் பொறிக்கப்பட்டன. அன்று எங்கள் மூவருடைய கண்களும் கலங்கியிருந்தன என்பது உண்மை.

பின்னர் நடந்ததையும் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளில் பித்தளைக் குழாயை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் போட்டோம். அது இறுக மூடாது, சொட்டிக்கொண்டேயிருக்கும். கீழே குட்டை தேங்கியது. 2017ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டில் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்திற்கும் அதிகமான டெங்குத் தொற்றுகள் பதிவாகின. களுபோவில ஆஸ்பத்திரியின் வார்டுகளும் நிரம்பி வழிந்தன. டெங்கு நுளம்பு சாக்கடையில் அல்ல, தேங்கி நிற்கும் தெளிந்த நீரில்தான் முட்டையிடும் என்பதை அப்போது எல்லோரும் அறிந்திருந்தோம். நான் உள்ளே சென்று வால்வை மூடினேன். ஒரு மாதத்திற்கு என்றுதான் எண்ணினேன். வடிகான் ஒன்றைச் சீமெந்தில் கட்டினால் தீர்ந்துவிடும் வேலை அது. ஆனால் ஒரு மாதம் ஓராண்டாகியது, பிறகு கொரோனாக் காலம், பிறகு விலையேற்றம். ஒவ்வொரு நோன்புக்கும் முன்னர் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தக் கற்பலகையை மட்டும் மறக்காமல் துடைத்தோம்.

2023ஆம் ஆண்டில் ஒரு நண்பகல். வாசலில் யாரோ அழைக்கும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். வயது முதிர்ந்த ஒரு சிங்களத் தாய், கையில் வெறும் போத்தலுடன் குழாயைத் திருகிக்கொண்டு நின்றார். இதில் தண்ணீர் வராதா மகனே என்று கேட்டார். வராது அம்மா, உள்ளேயிருந்து தருகிறேன் என்றேன். போத்தலை நிரப்பிக்கொண்டு வந்து கொடுத்தபோது, அவர் அந்தப் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். இது உங்கள் அம்மாவா என்று கேட்டார். ஆம் என்றேன். பாவம், என்று சொல்லிவிட்டுச் சென்றார்.

அவர் யாரைப் பாவம் என்றார்? மௌத்தான தாயையா, அத்தாயின் பெயருக்குக் கீழே வறண்ட குழாயை வைத்திருந்த பிள்ளைகளையா? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இனி, உங்களைப் புறக்கோட்டைக்கு அழைத்துச் செல்கின்றேன். அந்த வார விடுமுறையில் பாடசாலைப் புத்தகங்கள் வாங்குவதற்காக மகனோடு அங்கு போக வேண்டியிருந்தது. தெஹிவளையிலிருந்து காலி வீதி வழியாக 101ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று சென்று இறங்கினோம். புறக்கோட்டைச் சந்தைப் பகுதியின் நுழைவாயிலில், வாகனங்கள் சுற்றிவரும் வட்டத்தின் நடுவே ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் நிற்பதை நீங்கள் நூறு முறையேனும் கண்டிருப்பீர்கள். கான் மணிக்கூட்டுக் கோபுரம். சிவப்புப் பள்ளி என்று நாம் அழைக்கும் ஜாமிஉல் அல்பார் ஜும்ஆப் பள்ளிவாசலுக்குத் தொழச் செல்வோரில் பலர் அதைக் கடந்தே செல்கின்றனர். கான் என்றால் நம்மவரா என்று மகன் கேட்டான். நானும் சிறுவயதில் அப்படித்தான் நினைத்திருந்தேன். யாரோ ஒரு பட்டாணியச் செல்வந்தர் என்று. நம்மவரிற் பலர் இன்றும் அவ்வாறே நினைக்கின்றனர்.

அவர் முஸ்லிம் அல்லர். பிராம்ஜி பிகாஜி கான் என்பது அவருடைய பெயர். பம்பாயிலிருந்து வந்த பார்சிக் குடும்பம் அது. கொழும்பு எண்ணெய் ஆலையை நடத்தியவர்கள். பார்சிகள் என்போர் ஈரானிலிருந்து இந்தியாவின் குஜராத் கரைக்கு வந்து குடியேறிய ஸொராஸ்திரிய மதத்தவர்கள். இலங்கையில் எக்காலத்திலும் விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களாகவே இருந்தவர்கள். பிராம்ஜியின் இரு புதல்வர்களான பிகாஜியும் முன்சர்ஷாவும் தம் தந்தையின் நினைவாக இதை எழுப்பி, மாநகர சபையின் ஊடாகக் கொழும்பு நகர மக்களுக்கு அர்ப்பணம் செய்தனர். அந்த நாள் 1923ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4ஆம் திகதி. கல்வெட்டு இதைத் தெளிவாகக் கூறுகின்றது. அது தந்தை இறந்த 45ஆவது ஆண்டு நிறைவு தினம் என்றும் கூறுகின்றது.

இளைஞர்களே, இந்த 45 என்ற எண்ணைச் சற்று யோசியுங்கள். தந்தை 1878இல் காலமாகிவிட்டார். அப்போது இப்பிள்ளைகள் கைக்குழந்தைகளாகவே இருந்திருந்தாலும், கோபுரம் திறக்கப்பட்டபோது அவர்களுக்கு 45 வயதாகியிருக்கும். தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தந்தையின்றிக் கழித்தவர்கள் அவரை மறக்கவில்லை. நம்மில் எத்தனைபேர் 45 ஆண்டுகளுக்குப் பின்னர் வாப்பாவின் மௌத்தான திகதியைச் சரியாகச் சொல்வோம்?

அக்கல்வெட்டில் இன்னொரு சொல்லும் இருக்கின்றது. மணிக்கூட்டுக் கோபுரமும் நீரூற்றும் என்று அங்கு எழுதப்பட்டுள்ளது. அதாவது அவர்கள் நகரத்துக்குக் கொடுத்தவை இரண்டு. நேரத்தைக் காட்டும் மணிக்கூடு ஒன்று, தண்ணீர் மற்றொன்று. ஆனால், நாம் எவரும் கான் நீரூற்று என்று அழைப்பதில்லை. மணிக்கூட்டின் பெயர் நிலைத்தது; தண்ணீரின் பெயர் பேச்சிலிருந்தே உதிர்ந்துவிட்டது. இதை வாசித்தபோது என் மதிற்சுவர்தான் கண்முன் வந்தது. கல்லும் எழுத்தும் நிலைப்பதற்கு நாம் ஒன்றும் செய்யத் தேவையில்லை. தண்ணீர் அப்படியல்ல. அது ஒவ்வொரு நாளும் வந்தாக வேண்டும்.

கான் குடும்பம் வந்த பம்பாய் நகரத்தில், இறந்தோர் நினைவாகக் குடிநீர்த் தாரைகள் கட்டுவது அக்காலத்தில் பரவலாக இருந்த வழக்கம். பார்சிகள் மட்டுமல்ல, குஜராத்தி இந்து வணிகர்களும் கட்டினர். அவற்றுள் ஒன்று என் மனத்தை மிகவும் உருக்கியது. பம்பாய்க் கோட்டைப் பகுதியில், பருத்தி வணிகர் ரத்தன்சி மூல்ஜி என்பவர் கட்டியது. பதினைந்து வயதில் இறந்துபோன தம் ஒரே மகனின் நினைவாக 1890களில் அதை எழுப்பினார். விக்டோரியா ரயில் நிலையத்தை வடிவமைத்த எப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் என்ற கட்டடக் கலைஞரே இதையும் வடிவமைத்தார். உச்சியில் ஒரு சிறுவன் புத்தகம் வாசித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் சிலை. உருவச்சிலை வைப்பது நம் மார்க்கத்தில் இல்லை. அது வேறு விடயம். மகனை இழந்த ஒரு தந்தை, தெருவில் போகும் பிறர் பிள்ளைகளின் தாகத்தைத் தீர்க்க நினைத்தார் என்பதையே நான் பார்க்கின்றேன். அந்தத் தாரையும் பிற்காலத்தில் சீர்குலைந்து கிடந்தது. இந்நூற்றாண்டில்தான் அதைச் செப்பனிட்டார்கள். 2018ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதுகளில் அப்பணிக்குச் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது.

பம்பாயின் இன்னொரு பார்சிச் செல்வந்தரான கவஸ்ஜி ஜெஹாங்கீர் தம் ஊரில் மாத்திரமன்றி லண்டனிலும் ஒரு குடிநீர்த் தாரை கட்டிக் கொடுத்தார். கடன் கேட்டால் உடனே பணம் எடுத்துக் கொடுத்த குடும்பம் என்பதால் ‘ரெடிமணி’ என்பதே அவர்களுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது! லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவின் நடுவே, 1869ஆம் ஆண்டில், பளிங்காலும் சிவப்புக் கருங்கல்லாலும் அது எழுந்தது. ஆங்கிலேய ஆட்சியின்கீழ் தம் சமூகம் பெற்ற பாதுகாப்புக்கு நன்றியாக அதைக் கொடுத்தார். அந்த நன்றியைப் பற்றி நமக்கு வேறு கருத்து இருக்கலாம். எனினும் ஓர் ஆசியர் ஏகாதிபத்தியத்தின் தலைநகரத்து மக்களுக்குத் தண்ணீர் கொடுத்தார் என்பது நினைவில் வைக்கத்தக்க செய்தி.

லண்டனில் தண்ணீருக்கு என்ன குறை என்று நீங்கள் கேட்கக்கூடும். 1854ஆம் ஆண்டில் அந்நகரில் வாந்திபேதி பரவியது. ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர், பிராட் வீதியிலிருந்த ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே மரணங்கள் குவிந்திருப்பதைக் கண்டறிந்தார். காற்றினால் அன்று, அசுத்த நீரினால் நோய் பரவுகின்றது என்பதை அவர் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. ஏழைகளுக்குத் தூய நீர் கிடைக்கவில்லை. அதைவிட மதுபானம் எளிதாகக் கிடைத்தது. 1859இல் சமுவேல் கர்னி என்ற பாராளுமன்ற உறுப்பினரின் முயற்சியால் இலவசக் குடிநீர்ச் சங்கம் ஒன்று அமைந்தது. அதன் முதலாவது தாரை ஒரு தேவாலயத்தின் மதிற்சுவரிலேயே பொருத்தப்பட்டது. சங்கிலியில் கட்டிய கோப்பை ஒன்று. குடித்தபின் கோப்பையை இருந்த இடத்தில் வைக்கும்படி ஓர் எழுத்து. கவஸ்ஜியின் தாரையைக் கட்டியதும் இதே சங்கம்தான். பின்னாளில், எல்லோர் வாயும் படும் அந்தப் பொதுக் கோப்பையே நோயைப் பரப்பும் என்பது தெரியவந்து, 1909ஆம் ஆண்டு முதல் அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றாக அதைத் தடைசெய்தன. மேல்நோக்கிப் பீறிடும் தாரைகள் பெருகியது அதன் பிறகே. தாகம் தீர்ப்பதும் ஓர் அறிவு வேண்டிய காரியம் என்பதற்காகவே இதைச் சொல்கின்றேன். நல்ல எண்ணம் மட்டும் போதாது.

நேயர்களே, இவ்வளவு தூரம் பம்பாய்க்கும் லண்டனுக்கும் போய்வந்த பிறகு நாம் மதீனாவுக்கு வருவோம். உம்மாவின் பெயரால் தண்ணீர் கொடுப்பது என்ற எண்ணம் எங்கள் வீட்டில் பிறந்ததன்று. அது அங்கிருந்து வந்தது.

ஸஅத் இப்னு உபாதா (ரழி) அவர்கள் கஸ்ரஜ் கோத்திரத்தின் தலைவர். அன்சாரிகளில் பெரும் கொடையாளி. அவர் ஊரில் இல்லாத வேளையில் அவருடைய தாயார் மரணித்துவிட்டார்கள். திரும்பி வந்தவர் நபி (ஸல்) அவர்களிடம் சென்று, தாயாருக்காகத் தாம் தருமம் செய்தால் அது அவருக்குப் பயன் தருமா என்று கேட்டார். ஆம் என்றார்கள். உடனே தம் பேரீச்சந்தோட்டத்தைத் தருமமாக்கினார். இது ஸஹீஹுல் புஹாரியில் உள்ளது. அபூதாவூத், நஸாஈ ஆகிய கிரந்தங்களில் மற்றோர் அறிவிப்பு. எந்தத் தருமம் சிறந்தது என்று அவர் கேட்டபோது, தண்ணீர் என்று பதில் கிடைத்தது. அவர் ஒரு கிணறு தோண்டி, இது ஸஅதின் தாயாருக்கு உரியது என்று சொன்னார். இந்த அறிவிப்பின் தொடரைப் பற்றி ஹதீஸ்கலை அறிஞர்கள் பேசியிருக்கின்றார்கள். இங்கே அதற்குள் நான் நுழையவில்லை.

நான் உங்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புவது அந்த அறிவிப்பின் வாலில் தொங்கும் ஒரு சிறு குறிப்பை. இதை அறிவிக்கும் ஹஸனுல் பஸரி (ரஹ்) அவர்கள், மதீனாவில் இருக்கின்ற ஸஅதின் தண்ணீர்ப்பந்தல் அதுதான் என்று சொல்லி முடிக்கின்றார்கள். ஹஸனுல் பஸரி பிறந்ததே நபியவர்கள் மறைந்து ஏறத்தாழ 10 ஆண்டுகளுக்குப் பின்னர்; மறைந்தது கி.பி. 728இல். அவர் கேட்போரிடம் சுட்டிச் சொல்லக்கூடிய நிலையில் அவ்விடம் பெயரோடு விளங்கியிருக்கின்றது. ஒரு தலைமுறை தோண்டியதை அடுத்த தலைமுறை வறள விடவில்லை. ஸஅத் (ரழி) அவர்களின் அழுகையைவிட, அவர்களுக்குப் பின்வந்தோரின் வாளியும் கயிறும் அங்கே பெரிதாகப் பேசுகின்றன.

ரூமாக் கிணற்றின் செய்தியை நீங்கள் அறிவீர்கள். மதீனாவில் நல்ல நீர் விலைக்கு விற்கப்பட்ட காலத்தில், உஸ்மான் (ரழி) அவர்கள் அதைத் தம் பொருளால் வாங்கிப் பொதுவாக்கினார்கள். அதற்கு நபியவர்கள் இட்ட நிபந்தனை என்னவென்று கவனித்திருக்கின்றீர்களா? வாங்குபவரின் வாளியும் மற்றவர்களின் வாளிகளோடு ஒன்றாக இறங்க வேண்டும். கொடுத்தவருக்கென்று தனி முறை கிடையாது. நகரத்துக்குத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் பொன்னெழுத்தில் பெயரைக் கேட்கும் நமக்கு இது எவ்வளவு தூரத்தில் இருக்கின்றது!

கலீபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையார் மக்காவுக்கும் அரபாவுக்கும் மலைகளைக் குடைந்து தண்ணீர் கொண்டுவந்தார். ஒவ்வொரு கோடரி வீச்சுக்கும் ஒரு தீனார் செலவானாலும் வேலையை நிறுத்தாதீர் என்று அவர் சொன்னதாகவும், கணக்கேடுகளைத் தஜ்லா நதியில் எறிந்துவிட்டதாகவும் சொல்லப்படுகின்றது. அந்தப் பேச்சாளர் மரபுக் கதையை நாமும் ஜும்ஆ மேடைகளில் சொல்லி மகிழ்கின்றோம். சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. அந்தக் கால்வாய் திரும்பத் திரும்ப மண் மூடி அடைபட்டது. திரும்பத் திரும்ப எவரோ தோண்டித் திறந்தனர். 16ஆம் நூற்றாண்டில் அது பெரிதும் பழுதடைந்திருந்தபோது, உதுமானியச் சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமாஹ் பெரும் பொருள் கொடுத்துச் செப்பனிடச் செய்தார். பெயர் ஸுபைதாவினுடையதாகவே இருந்தது, இன்றும் இருக்கின்றது. கட்டியவரின் பெயர் உலகுக்குத் தெரியும். துப்புரவு செய்தவர்கள் பெரும்பாலோரின் பெயரை அல்லாஹ் அறிவான்.

கெய்ரோ நகரத்தில் ‘ஸபீல்’ என்று ஒருவகைக் கட்டடம் இருக்கின்றது. நிலத்துக்குக் கீழே தொட்டி. நைல் நதி நீரை ஒட்டகங்களில் கொண்டுவந்து அதை நிரப்பினர். தெருவைப் பார்த்த பெரிய சாளரத்தின் வழியாக வழிப்போக்கர்களுக்கு இலவசமாக நீர் வழங்கினர். மேல்மாடியில் அநாதைச் சிறுவர்களுக்குக் குர்ஆன் மத்ரஸா. சுல்தான் காய்த்பாயின் ஸபீல் 1479ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அப்துர் ரஹ்மான் கத்குதாவினுடையது 1744. கீழே தண்ணீர், மேலே எழுத்து என்ற அந்த அமைப்பு எவ்வளவு அழகானது! ஆனால், அவற்றின் அழகைவிட அவற்றின் வக்புப் பத்திரங்கள் எனக்கு முக்கியமானவை. தண்ணீர் எடுத்துக் கொடுப்பவருக்கு என்ன கூலி, பாத்திரத்துக்கும் கயிற்றுக்கும் என்ன செலவு என்றெல்லாம் எழுதி, அச்செலவுக்காகக் கடைகளையும் காணிகளையும் வக்பு செய்து வைத்தார்கள். கட்டடத்தைக் கொடுத்த கையே அதன் பராமரிப்பையும் கொடுத்தது. நம் நாட்டிலும் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டத்தின்கீழ் பள்ளிவாசல்களும் தருமச் சொத்துகளும் நிர்வகிக்கப்படுகின்றன. இருந்தும், ஒரு குடும்பம் தண்ணீர்க் குளிரூட்டும் இயந்திரம் ஒன்றை வாங்கிக் கொடுக்கும்போது, வடிகட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை யார் மாற்றுவது என்று எழுதி வைக்கும் பழக்கம் நம்மிடம் எங்கே இருக்கின்றது?

இது நம் சமூகத்துக்கு மட்டும் உரிய தருமம் என்றும் எண்ணிவிட வேண்டாம். சிங்களக் கிராமங்களில் பாதையோரத்தில் மண்பானையில் குடிநீர் நிரப்பி, மேலே சிரட்டை அகப்பையோ குவளையோ வைத்திருப்பர். ‘பின் தாலிய’ என்பது அதற்குப் பெயர். காலையில் அதைக் கழுவி நிரப்புவது அவ்வீட்டுப் பெண்களின் வேலை. யாழ்ப்பாணத் தமிழ்ப் பகுதிகளில் சுமைதாங்கி என்று ஒன்றுண்டு. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக, தலைச்சுமையோடு வருபவர் எவர் துணையுமின்றி இறக்கி வைத்து இளைப்பாறத் தோளுயரத்தில் கட்டப்பட்ட மேடை அது. சுமையை இறக்க முடியாமல் போனவளின் பெயரால் பிறர் சுமையை இறக்க இடம். அருகிலேயே பெரும்பாலும் கேணியும் இருக்கும். இறந்தோரை நினைப்பது என்றால் இருப்போருக்கு ஏதேனும் பயன்படச் செய்வது என்பதை இந்த மண்ணின் மக்கள் அனைவருமே அறிந்திருந்தார்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒன்று கேட்கின்றேன். உங்கள் பிள்ளைகள் நாளை உங்கள் பெயரால் என்ன செய்வார்கள் என்று நினைக்கின்றீர்கள்? பணம் இருந்தால் செய்வார்கள், பலகையும் வைப்பார்கள். ஆனால் திறக்கும் நாளில் வரும் கூட்டத்தைப் போன்று, வாஷர் தேய்ந்த நாளில் எவரும் வரமாட்டார். இன்று உங்கள் வீட்டுக் குழாய் சொட்டும்போது மகனை அழைத்து, ஸ்பேனரை அவன் கையில் கொடுங்கள். அவனுக்குப் பரீட்சை இருக்கின்றது என்று சொல்லாதீர்கள். பத்து நிமிட வேலை அது.

இளைஞர்களே, உங்கள் கையிலிருக்கும் தண்ணீர்ப் போத்தலின் விலை உங்களுக்குத் தெரியும். நாள்கூலிக்கு வேலை செய்து, மனைவியை வார்டில் சேர்த்துவிட்டு வெளியே நிற்கும் ஒருவருக்கு அந்த விலை என்ன என்பதும் தெரிய வேண்டும். தன் வாளியிலிருந்து சகோதரனின் வாளியில் ஊற்றுவதும் தருமமே என்று நபியவர்கள் கூறியுள்ளார்கள். கிணறு வெட்டும் வசதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

புறக்கோட்டையிலிருந்து திரும்பிய அடுத்த வாரம், நாநாவுக்கும் தாத்தாவுக்கும் நடந்ததைச் சொன்னேன். நாநா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, முதலில் பலகையைக் கழற்றுவோமா என்று கேட்டார். தாத்தா அதற்கு உடன்படவில்லை. பலகை இருக்கட்டும், அது நமக்குக் காவல் என்றார். அவர் சொன்னதே சரி என்று எனக்குப் பட்டது.

ஒரு மேசனைப் பிடித்துக் குழாயின் கீழே சாய்வாகச் சீமெந்துத் தொட்டி ஒன்றைக் கட்டி, அதிலிருந்து வீட்டு வடிகானுக்குக் குழாய் விட்டோம். ஒரு சொட்டும் தேங்குவதில்லை. அழுத்தினால் திறந்து, கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் வகைக் குழாயைப் பொருத்தினோம். பொதுக் குவளை வைக்கவில்லை. போத்தலை நிமிர்த்திப் பிடித்து நிரப்பும் அளவுக்கு உயரம் விட்டோம். சிறுபிள்ளைகளுக்காகத் தாழ்வாக இன்னொரு குழாய். அது மகனுடைய யோசனை. தண்ணீர் பில்லில் கூடும் தொகையை மூவரும் மாதம் மாதம் பகிர்ந்துகொள்கின்றோம். மேலதிகமாக ஒரு சிறு தொகையைத் தாத்தா ஒரு தகரப் பேணியில் போட்டு வைக்கின்றார், அடுத்த குழாய்க்காக.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குக் குளிக்கும் முன்னர் மகன் ஒரு வாளியும் தேங்காய்த் தும்பும் எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியைத் தேய்க்கின்றான். சில வெள்ளிக்கிழமைகளில் மறந்தும் விடுகின்றான். அப்போது நான் போகின்றேன். சென்ற மாதம் ஒரு நாள் முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர் வண்டியை ஓரமாக்கிப் பெரிய கேன் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பாடசாலைச் சிறுமி தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தாள். அவர் கேனை அரைவாசியில் எடுத்துவிட்டு அவளுக்கு வழிவிட்டார். பலகையை இருவரும் பார்க்கவில்லை.